பெருமாயி ஏழு தடவை நடந்த படம்

இதில் வரும் ஒவ்வொரு சொல்லும் சத்தியம். வெறும் வாய்ச் சத்தியம் இல்லை. பூம்பாறைக் கோயில் வாசலில் கற்பூரம் அணைத்துச் செய்த சத்தியம். அன்றைக்குச் சாரல் அடித்ததில் கற்பூரம் பற்றவே இல்லை என்பதையும் மறைக்காமல் சொல்லிவிட வேண்டும். பற்றிய கற்பூரத்தை யார் வேண்டுமானாலும் அணைத்துவிடலாம். பற்றாத கற்பூரத்தை அணைத்துச் செய்த சத்தியத்துக்கு வலு இரண்டு மடங்கு. கொடைக்கானல் மேல்மலைக்காரர்கள் யாரைக் கேட்டாலும் இதைத்தான் சொல்வார்கள்.

கொடைக்கானல் பஜாரில் ஒலியுல்லா பாயைத் தெரியாதவர்கள் இரண்டே பேர். ஒருவர் நேற்று மாற்றலாகி வந்தவர். இன்னொருவர், அவரிடம் வாங்கிய ஸ்வெட்டர் ஒரே துவைப்பில் சுருங்கிப் பேரனுக்குச் சரியாகிவிட்டதால், அந்த ஆளை எனக்குத் தெரியவே தெரியாது என்று சொல்லிக்கொண்டு திரிகிறவர்.

ஸ்வெட்டர், குல்லாய், கம்பளி விற்கிற கடைதான். ஆனால் பாயின் மனசு கம்பளியில் இல்லை, படத்தில். பெரிய நடிகர்களின் படம் இல்லை; அதைப் பார்க்க ஊரே இருக்கிறது. நாலு சிநேகிதர்கள் சேர்ந்து, கல்யாண வீட்டுக் காமிராவை இரவல் வாங்கி, அத்தை மாமாவையெல்லாம் நடிக்க வைத்து எடுக்கிறார்களே, அந்த மாதிரிப் படங்கள்தான் அவருக்கு உயிர். திண்டுக்கல்லிலிருந்து தேனி வரை எந்த மூலையில் யார் காமிராவைத் தூக்கினாலும் மறுநாள் பாய்க்குச் சேதி வந்துவிடும், நேரில் போய்ப் பார்த்தும் வந்துவிடுவார். அதையெல்லாம் தொகுத்து, எந்த ஊரில் எப்போது என்ன படம் போடுகிறார்கள் என்பதையும் சேர்த்து, வியாழன் தோறும் ஒரே தாளில் முன்னும் பின்னுமாகக் கையால் எழுதி அறுபது நகல் எடுப்பார். பெயர் ‘படச்சேதி’. அதை விநியோகிக்கத் தனியாக அலைய மாட்டார். விற்கிற ஸ்வெட்டரை அதில்தான் சுற்றிக் கொடுப்பார். ஆகவே குளிர் ஏறினால் வாசகர் கூடுவார்கள். வெயில் அடித்தால் குறைவார்கள்.

இந்தக் கதை தொடங்கிய வாரத்துத் தாளில் இப்படி இருந்தது:

‘பெரியகுளத்தில் ஓர் ஆட்டைக் கதாநாயகனாக வைத்துப் படப்பிடிப்பு நடக்கிறது. பக்ரீத்துக்குள் முடித்துவிட வேண்டும் என்று டைரக்டர் பறக்கிறார். ஆட்டுக்கு அந்த அவசரம் இல்லை.

‘அட்டுவம்பட்டிக் கூடத்தில் சனிக்கிழமை மூன்று மணிக்கு ஒரு வெளிநாட்டுப் படம். கீழே இங்கிலீஷில் எழுத்து ஓடும். இங்கிலீஷ் தெரியாதவர்கள் என் பக்கத்தில் உட்காரலாம். எனக்கும் தெரியாது, துணைக்கு இருப்பேன்.

‘வத்தலக்குண்டில் இரண்டு மணி நேரம் வசனமே இல்லாத படம் ஒன்று முடிந்திருக்கிறது. படத்தில் யாரும் பேசவில்லை. படம் முடிந்தபிறகு புரொடியூசரும் டைரக்டரும் பேசிக்கொள்வதில்லை.

‘அடுத்த வெள்ளிக்கிழமை மாலை ஆறரை மணிக்கு, கூக்காலில் காளீஸ்வரன் டீக்கடை முன்னால் உள்ள திடலில், கோகுல்ராஜ் எடுத்த ‘சருகுப் பாதை’. இடைவேளை கிடையாது, டீ குடிக்கிறவர்கள் முன்னதாகவே குடித்துவிடவும். இதில் நம்ம பெருமாயி நடித்திருக்கிறார்.’

இந்தக் கடைசி வரியில்தான் வினை உட்கார்ந்திருந்தது.

பதினோரு வருஷத்தில் படச்சேதியில் ஒரு பொய் வந்ததில்லை. ஒரு திருத்தம் வந்ததில்லை. ‘இந்தப் படம் தூக்கம் வரவழைக்கும்’ என்று பாய் ஒரு தடவை எழுதினார். அதைப் பொய் என்று நிரூபிக்க வந்த டைரக்டரே இருபதாவது நிமிடத்தில் குறட்டை விட்டார். பஸ் கண்டக்டர்கூட, “பாய் தாள்ல போட்டுட்டாரா? அப்ப நடக்கும்” என்று சொல்லித்தான் டிக்கெட் கிழிப்பார். இத்தனைக்கும் காரணம் பாய் வைத்திருந்த ஒரே சட்டம்: கண்ணால் பார்க்காததைத் தாளில் ஏற்றக் கூடாது.

பெருமாயி விஷயத்திலும் அவர் சட்டத்தை மீறவில்லை. கண்ணால் பார்த்தார். பார்த்தது படத்தை அல்ல, படப்பிடிப்பை. தவறு அங்கேதான்.

பெருமாயி மேல்மலையில், கூக்கால் கிராமத்துக்குக் கீழே காட்டோரக் குடியிருப்பில் இருக்கிறவள். துடைப்பம் கட்டுகிற சீமாற்றுப் புல் அறுப்பாள், கடுக்காய் பொறுக்குவாள், பீன்ஸ் எடுக்கக் கூலிக்குப் போவாள். இந்த மூன்று வேலையையும் செய்துகொண்டே நாலாவதாகப் பேசுவாள். அவள் புல்லுக் கட்டோடு வருகிறாள் என்பது ஆள் தெரிவதற்கு இரண்டு வளைவு முன்னாலேயே காதுக்குத் தெரிந்துவிடும். மாதம் ஒரு தடவை கொடைக்கானலுக்குச் சீமாறு விற்க வருகிறபோது பாயின் கடை முன்னால்தான் கட்டை இறக்கி வைப்பாள்.

போன தை மாதம் கோகுல்ராஜ் என்கிற திண்டுக்கல் தம்பி, கூக்காலுக்கு மேலே உள்ள சோலைக்காட்டில் படம் எடுத்தான். சென்னையிலிருந்து வந்த அவன் கூட்டாளிகள் பருத்திச் சட்டையோடு வந்து இறங்கிப் பல்லால் தந்தியடித்துக்கொண்டிருந்ததால், பாய் ஒரு மூட்டை ஸ்வெட்டரோடு நேரில் போனார். அப்போதுதான் பார்த்தார். பெருமாயி தலையில் புல்லுக் கட்டோடு ஒரு மரத்திலிருந்து இன்னொரு மரம் வரை நடக்க வேண்டும். அவ்வளவுதான் நடிப்பு. அவள் நடந்தாள். கோகுல்ராஜ் “ஒன் மோர்” என்றான். மறுபடி நடந்தாள். மறுபடி “ஒன் மோர்.” ஆறாவது தடவை கட்டோடு நடு வழியில் நின்று, “ஏலே தம்பி, நீ என்ன காட்டை அளக்க ஆள் வச்சிருக்கியா? எனக்கு அங்கிட்டுச் சோலி கெடக்குலே!” என்றாள். ஏழாவது தடவை பாதி தூரத்தில் உட்கார்ந்தே விட்டாள்.

இதையெல்லாம் பக்கத்தில் நின்று பார்த்த மனிதர், அவள் நடித்திருக்கிறாள் என்று எழுதாமல் வேறு என்ன எழுதுவார்?

அந்தத் தாள், பெருமாயியின் கொழுந்தன் முனியன் வாங்கிய ஒரு குல்லாயைச் சுற்றிக்கொண்டு குடியிருப்புக்குப் போய்ச் சேர்ந்தது. யாரோ வாசித்துக் காட்டினார்கள். முனியன் விழுந்து விழுந்து சிரித்தான்.

“மதினி, ஒங்க மூஞ்சிய அந்தக் காமிரா தாங்குமா? கண்ணாடி விண்டு போயிருக்குமே!”

“சிரிலே, நல்லாச் சிரி. வெள்ளிக்கெழமை படத்துல நான் வரலைன்னா, அன்னையில இருந்து ஒரு வருசத்துக்கு நான் வாயே தெறக்கல. வந்துட்டா?”

“வந்துட்டா ஒரு வருசத்துக்கு ஒங்கள நடிகையம்மான்னுதான் கூப்புடுவேன். போதுமா?”

ஊர் சாட்சியாகப் பந்தயம் முடிந்தது. அந்தக் குடியிருப்பில் சொன்ன சொல்லிலிருந்து யாரும் திரும்புவதில்லை. பெருமாயிக்கு ஒரு வருஷம் சோறு இல்லை என்றால் கிழங்கு தின்று பிழைத்துக்கொள்வாள். ஒரு வருஷம் பேச்சு இல்லை என்றால் ஒரு வாரம்கூடத் தாங்க மாட்டாள் என்று அவளுக்கு வேண்டியவர்களே சொன்னார்கள். ஆனாலும் யாரும் கவலைப்படவில்லை. பாய் தாளில் போட்டுவிட்டாரே.

படம் புதன்கிழமை ஒரு பென் டிரைவில் வந்து சேர்ந்தது. பாயும் அவர் மனைவி ஜஹனாராவும் கடையை அடைத்துவிட்டு லேப்டாப்பில் போட்டுப் பார்த்தார்கள். நூற்றுப் பத்து நிமிடம். சோலைக்காடு வந்தது. இரண்டு மரமும் வந்தன. பெருமாயி வரவில்லை.

“தூங்கிட்டமோ?” என்றார் பாய்.

“நீங்கதான் தூங்குவீங்க. நான் முழிச்சுட்டுத்தான் இருந்தேன். போடுங்க திரும்ப.”

திரும்பப் போட்டார். மூன்றாம் தடவையும் போட்டார். மரத்துக்குப் பின்னால் இருக்கிறாளா என்று ஜஹனாரா திரையைக் கொஞ்சம் சாய்த்துக்கூடப் பார்த்தாள். இல்லை. பாய் கோகுல்ராஜுக்குப் போன் போட்டார்.

“தம்பி, படம் பிரமாதம். அந்தப் புல்லுக் கட்டுக்காரம்மா எங்க?”

“அதை ஏன் சார் கேக்குறீங்க. ஏழு டேக் எடுத்தோமா? ஏழுலயும் அந்தம்மா நடக்க ஆரம்பிச்சதும் மஞ்சு வந்து மூடிருச்சு. பக்கத்துல நின்ன உங்களுக்குத் தெரிஞ்சிருக்கும், எடிட்ல பாத்தா வெறும் வெள்ளை. சத்தம்கூடப் பதிவாகல. வேற வழியில்லாம எடுத்துட்டோம் சார்.”

மேல்மலையில் இறங்குகிற பனிமூட்டத்துக்கு மஞ்சு என்று பேர். அது சாதாரண மூட்டம் இல்லை. கூக்காலில் ஒரு தடவை மஞ்சுக்குள் போன எருமை மூன்று நாள் கழித்து, போன இடத்திலிருந்தே, வாயில் அதே புல்லோடு வெளியே வந்தது. தான் மூன்று நாள் காணாமல் போனது அந்த எருமைக்கு இன்று வரை தெரியாது.

“போய் அவகிட்ட நேராச் சொல்லிடுங்க” என்றாள் ஜஹனாரா. “இல்லைன்னா நாளைக்குத் தாள்ல ஒரு வரி போடுங்க, தப்பா எழுதிட்டேன்னு. ஒரு வரிதானே?”

ஒரு வரிதான். அதை எழுத பாய் அன்று மாலை உட்கார்ந்தார். ‘போன வாரச் சேதியில்’ என்று தொடங்கினார். பேனா நின்றது. வேறு பேனா எடுத்தார். அதுவும் நின்றது. அவரிடம் இருந்த ஐந்து பேனாவும் அந்த இரண்டு வார்த்தைக்கு மேல் நகர மறுத்தன. அதே பேனாக்கள் பெரியகுளத்து ஆட்டைப் பற்றி எழுதச் சொன்னபோது குதித்துக்கொண்டு ஓடின. வியாழக்கிழமைத் தாளில் ஆடு மட்டும்தான் இருந்தது.

வெள்ளிக்கிழமை ஜும்ஆ தொழுகை முடிந்து எல்லாரும் எழுந்தபிறகும் பாய் கையேந்தி உட்கார்ந்திருந்தார். அவர் கேட்டது பெரிதாக ஒன்றும் இல்லை. ‘யா அல்லாஹ், இன்னைக்குச் சாயந்தரம் கூக்காலுக்கு மட்டும் கொஞ்சம் மஞ்சு. திரை தெரியாம போனாப் போதும். யாருமே எதையும் பாக்கலைன்னா, பெருமாயி வரலைன்னு யாரும் சொல்ல முடியாதுல்ல.’ மற்ற ஊர்களுக்குத் தொந்தரவு வேண்டாம் என்று பூம்பாறை, மன்னவனூர் இரண்டையும் பேர் சொல்லி விலக்கியும் வைத்தார்.

பிறகு புரொஜெக்டர், ஸ்பீக்கர், திரை எல்லாவற்றையும் கேரட் ஏற்றப் போகிற ஒரு பிக்கப் வண்டியில் போட்டுக்கொண்டு புறப்பட்டார். அந்தத் திரையைப் பற்றியும் சொல்ல வேண்டும். கடையிலிருந்த இரண்டு வெள்ளைப் போர்வைகளைச் சேர்த்து ஜஹனாரா தைத்தது. நடுவில் மேலிருந்து கீழாக ஒரு தையல் ஓடும். எந்தப் படத்தைப் போட்டாலும் காதலர்கள் தையலுக்கு அந்தப் பக்கம் ஒருவரும் இந்தப் பக்கம் ஒருவரும் நின்றுவிட்டால் கடைசியில் பிரிந்துதான் போவார்கள். பதினோரு வருஷத்தில் இது தவறியதில்லை.

கூக்காலில் வெயில் பளீரென்று அடித்துக்கொண்டிருந்தது. ஏரி கண்ணாடி மாதிரிக் கிடந்தது. வானத்தில் ஒரு கைக்குட்டை அளவு மேகம்கூட இல்லை.

“வாங்க பாய், வாங்க” என்று டீக்கடை காளீஸ்வரன் ஓடி வந்தார். “ஊரே வேலைய வெள்ளனே முடிச்சுட்டுக் காத்துக் கெடக்கு. பூண்டு வயலுக்கு மத்தியானத்தோட லீவு விட்டாச்சு. எதுக்குத் தெரியுமா? பெருமாயியப் பாக்க.”

“படத்தைப் பாக்கன்னு சொல்லுங்க.”

“படத்தை யாரு பாக்கப் போறா?”

கடையின் பிளக்கிலிருந்து வயர் இழுத்து, திடலில் இரண்டு கம்பம் நட்டுத் திரையைக் கட்டி முடிக்கிறபோது, கீழ்ச் சரிவிலிருந்து பேச்சுச் சத்தம் ஏறி வந்தது. இரண்டு வளைவு கழித்துப் பெருமாயி வந்தாள். புதுச் சேலை, தலையில் கனகாம்பரம், பின்னால் குடியிருப்பு முழுக்க. கையில் ஒரு போத்தலில் தேன்.

“இந்தாங்க பாய், கொம்புத் தேன். வீட்டுல ஜஹனாரா அக்காவுக்குக் குடுங்க. என் பேரைத் தாள்ல போட்டீங்களே, அந்தக் கையைக் காட்டுங்க, கண்ணுல ஒத்திக்கிறேன்.”

“ஏத்தா பெருமாயி, ஒரு விசயம்…”

“இருங்க, நான் சொல்லி முடிச்சுக்கிறேன்” என்றாள். முடிக்கவில்லை.

இரண்டாவது தடவை சொல்லப் போனபோது காளீஸ்வரன் டீயோடு குறுக்கே வந்தார். மூன்றாவது தடவை பாய் அவளைத் தனியாக ஏரிப் பக்கம் அழைத்துப் போய், “தாயி, அந்தப் படத்துல நீ…” என்றார்.

“நல்லா வந்திருக்கேனா? அதை மட்டும் சொல்லிராதீங்க. நானே பாத்துக்கிறேன்” என்று காதைப் பொத்திக்கொண்டு ஓடிவிட்டாள். அவள் காதை மூடுவதை அன்றைக்குத்தான் முதல் தடவையாகப் பார்க்கிறோம் என்று ஊரே சொன்னது.

முனியன் எல்லாருக்கும் முன்னால், திரையிலிருந்து நாலடி தூரத்தில் அந்தக் குல்லாயைப் போட்டுக்கொண்டு சம்மணம் கூட்டி உட்கார்ந்தான். “மதினி, இப்பவே நாலு வார்த்தை பேசிக்கங்க. அப்புறம் ஒரு வருசம் ஆகும்.”

“ஒனக்கும் சேத்துத்தான்லே பேசுறேன். நடிகையம்மா, நடிகையம்மான்னு இப்பவே சொல்லிப் பழகு.”

ஆறரைக்குப் படம் தொடங்கியது. பெருமாயி வர வேண்டிய இடம் நாற்பத்திரண்டாவது நிமிடம் என்பது பாய்க்கு மனப்பாடம். பத்தாவது நிமிடத்தில் வானத்தைப் பார்த்தார். நட்சத்திரம் முளைத்திருந்தது. இருபதாவது நிமிடத்தில் பார்த்தார். அதற்குத் துணைக்கு நாலைந்து வந்திருந்தன. முப்பதாவது நிமிடத்தில், ‘பரவாயில்லை, மன்னவனூர்ல வேணும்னாலும் எறங்கட்டும், அங்க இருந்து இங்க வரட்டும்’ என்று தம் வேண்டுதலில் இருந்த நிபந்தனையை எடுத்துவிட்டார். நாற்பதாவது நிமிடத்தில் திரையில் சோலைக்காடு வந்தது. “இந்தா, இந்தா, இந்த மரந்தான்!” என்று பெருமாயி எழுந்தே நின்றுவிட்டாள். பாய் கண்ணை மூடினார்.

நாற்பத்தோராவது நிமிடத்தில் பாயின் காது மடல் நனைந்தது.

ஏரியின் மேலிருந்து மஞ்சு எழுந்து வந்துகொண்டிருந்தது. ஓடி வரவில்லை, கல்யாண வீட்டுக்குப் பிந்தி வந்த சம்பந்தி மாதிரி, எல்லாரையும் பார்த்துக்கொண்டு நிதானமாக வந்தது. முதலில் திரையின் கால் மறைந்தது. அப்புறம் தையல் மறைந்தது. அப்புறம் முனியன் மறைந்தான். கொஞ்ச நேரத்தில் திடல் முழுக்க வெள்ளை. தன் கையைத் தானே தேட வேண்டியிருந்தது.

“நிப்பாட்டிருவமா பாய்?” என்று காளீஸ்வரனின் குரல் எங்கிருந்தோ வந்தது.

“நிப்பாட்டுவோம், நிப்பாட்டுவோம்” என்றார் பாய், நெஞ்சு குளிர. புரொஜெக்டரைத் தடவிக்கொண்டே போனார். ஸ்விட்ச்சில் விரலை வைத்தார்.

“நிப்பாட்டாதீங்க பாய்!” என்று அலறினாள் பெருமாயி.

விரல் நின்றது. அப்போதுதான் பாய் கவனித்தார். திரை இல்லை. ஆனால் படம் நிற்கவில்லை. புரொஜெக்டரின் வெளிச்சம் மஞ்சுக்குள் நுழைந்து, போர்வை அளவிலிருந்த படத்தைத் திடல் அளவுக்கு விரித்துவிட்டிருந்தது. படத்திலிருந்த மரங்கள் கூக்காலின் மரங்களோடு போய் நின்றுகொண்டன. எது கோகுல்ராஜ் எடுத்த மரம், எது பட்டா நிலத்து மரம் என்று பிரித்துச் சொல்ல முடியவில்லை. அந்த இரண்டு மரங்களுக்கு நடுவே, காற்று ஏதோ நினைவுக்கு வந்த மாதிரி ஒரு தடவை தயங்கியது.

முதல் மரத்தின் பின்னாலிருந்து பெருமாயி வந்தாள்.

தென்னை உயரம். தலையில் வைக்கோல் போர் அளவுக்குப் புல்லுக் கட்டு. வெட்கத்தோடு குனிந்தபடி நடந்து, இரண்டாவது மரத்துக்குப் போய்ச் சேர்ந்தாள். சேர்ந்து அடங்குவதற்குள் முதல் மரத்திலிருந்து இன்னொரு பெருமாயி புறப்பட்டாள். இவள் காமிராவைப் பார்த்துச் சிரித்தாள். மூன்றாவதாக வந்தவள் நடு வழியில் தும்மினாள். டீக்கடைக் கண்ணாடி டம்ளர்கள் கிணுங்கின. நாலாவது பெருமாயியின் கட்டு பாதியாக இருந்தது. அந்த டேக்குக்கு முன்னால் யாருக்கும் தெரியாமல் பாதிப் புல்லைப் புதரில் உருவிப் போட்டுவிட்டாள் என்பது அன்றைக்குத்தான் வெளியே தெரிந்தது. ஐந்தாவது ஆள் வெற்றிலை மென்றுகொண்டே வந்தாள்.

பாய்க்குப் புரிந்துவிட்டது. தை மாதம் ஏழு தடவையும் விழுங்கியதை மஞ்சு ஜீரணிக்கவில்லை. அந்த எருமையை மாதிரியே பத்திரமாக வைத்திருந்து, வெளிச்சம் பட்டதும் வரிசை மாறாமல் திருப்பிக் கொடுக்கிறது.

ஆறாவது பெருமாயி நடுவில் நின்றாள். இடுப்பில் கை வைத்தாள். வானத்திலிருந்து குரல் வந்தது:

“ஏலே தம்பி, நீ என்ன காட்டை அளக்க ஆள் வச்சிருக்கியா? எனக்கு அங்கிட்டுச் சோலி கெடக்குலே!”

“ஆமா! இப்படியேதான் சொன்னேன்! ஒரு எழுத்து மாறல!” என்று கீழேயிருந்து நிஜப் பெருமாயி கத்தினாள்.

“நீ சும்மா இருடி, நான் பேசிக்கிட்டிருக்கேன்ல” என்றது மேலேயிருந்து.

பெருமாயியின் வாயை ஒருவர் அடைத்தது அதுதான் முதல் தடவை. அதற்கும் அவளே வர வேண்டியிருந்தது.

முனியன் நம்பவில்லை. “இது ஏதோ பாய் வேலை. நெழலக் காட்டி ஏமாத்துறாக” என்று எழுந்து நேராக மஞ்சுக்குள் நடந்தான். ஏழாவது பெருமாயி அப்போதுதான் பாதி வழியில் கட்டை இறக்கி உட்காரப் போனாள். ‘தொப்’பென்று ஒரு சத்தம். “ஐயோ மதினி!” என்று ஒரு குரல். வெளியே வந்தபோது அவன் குல்லாய் காதுக்குக் கீழே இறங்கியிருந்தது. சட்டை முழுக்கச் சீமாற்றுப் புல்லின் பூ ஒட்டியிருந்தது. சித்திரை மாதத்தில் அந்தப் புல் பூப்பதில்லை. தை மாதத்தில்தான் பூக்கும். இதற்கு மேல் ஓர் ஆதாரம் கேட்பவர்களை என்ன செய்ய முடியும்?

கூட்டம் எழுந்து நின்று கை தட்டியது. முனியன் புல் பூவைத் தட்டிவிட்டுக்கொண்டே பெருமாயியின் முன்னால் வந்து நின்றான். தொண்டையைச் செருமினான்.

“நடிகையம்மா.”

“சத்தமாச் சொல்லு கொழுந்தனாரே. ஏரிக்கு அந்தப் பக்கம் கேக்கல.”

“நடிகையம்மா!”

“என்னலே?”

“வீட்டுக்குப் போவமா நடிகையம்மா?”

பெருமாயி பாயிடம் திரும்பினாள். “எல்லாம் சரி பாய். அந்தத் தம்பி என்னை ரொம்பத்தான் பெருசாக் காட்டிப்புட்டான். இம்புட்டு ஒசரமா நான்? அடுத்த படத்துல பாத்து அளவா எடுக்கச் சொல்லுங்க.” அதிலிருந்து அவள் வாய் மூடவில்லை. குடியிருப்புக்குப் போகிற வழி நெடுக, ஒவ்வொரு டேக்கிலும் தான் மனசில் என்ன நினைத்துக்கொண்டு நடந்தாள் என்பதை வரிசையாகச் சொல்லிக்கொண்டு போனாள். இரண்டு வளைவு தாண்டியும் கேட்டது. பாய் அன்றைக்கு அந்தச் சத்தத்தைத் தேன் மாதிரிக் கேட்டுக்கொண்டு நின்றார். போத்தல் தேனில் கொஞ்சத்தை விரலில் தொட்டு நக்கியும் பார்த்தார். இரண்டும் ஒரே ருசி.

மிச்சப் படத்தைக் கூக்கால் பார்க்கவில்லை. மஞ்சு அதையும் சுருட்டிக்கொண்டு மலை இறங்கிவிட்டது. அது பழனிப் பக்கமாகப் போய், பாலசமுத்திரத்தில் ஒரு கொய்யாத் தோப்பில் ஓய்வெடுத்தபோது, தண்ணீர் பாய்ச்சிக்கொண்டிருந்தவர்கள் ‘சருகுப் பாதை’யின் கடைசி அரை மணி நேரத்தைப் பார்த்துக் கண் கலங்கினார்கள். முன்கதை என்ன என்று கேட்டு இன்னும் ஆள் அனுப்புகிறார்கள். சேதி கேட்டு கோகுல்ராஜ் பாய்க்குப் போன் போட்டான். “சார், எனக்கு அந்த மஞ்சை ஒரு பென் டிரைவ்ல போட்டு அனுப்ப முடியுமா? ஒரு விழாவுக்கு அனுப்பணும்.”

“போடலாம் தம்பி. ஆனா பென் டிரைவ் ஈரமாயிரும்” என்றார் பாய்.

பதினோரு வருஷத்தில் ஒரு பொய்கூட ஏறாத படச்சேதியின் அடுத்த வியாழக்கிழமைத் தாளில் முதல் சேதி இது: ‘வெள்ளிக்கிழமை காலையிலிருந்து மறுநாள் மதியம் வரை கூக்காலில் கரண்ட் இல்லாததால், ‘சருகுப் பாதை’ திரையிடப்படவில்லை.’